சேர்ந்து நின்ற ஒரு படம்

(இளையோர் காதலும் இணையவழிக் கொடுமையும் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எனக்கு முதலில் தரப்பட்ட தலைப்பு 'இளைஞர்களும் இணையப் பாதுகாப்பும்'. நல்ல தலைப்புதான். ஓ.டி.பி. மோசடி பற்றிப் பேசலாம், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் போலி இணையதளங்களைப் பற்றிப் பேசலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நான் அதில் 'காதல்' என்ற சொல்லைச் சேர்க்கக் கேட்டேன். சில நாள் பதில் இல்லை. பிறகு பொறுப்பாசிரியர் போனில் வந்தார். "மேடம், பேரன்ட்ஸும் வருவாங்க. 'உறவுகள்'னு போட்டுக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கடைசியில் காதல் அச்சில் வந்துவிட்டது, கல்லூரி முதல்வருக்கு நன்றி. ஆனால் நான் சொல்ல வந்ததில் பாதி அந்தத் தயக்கத்திலேயே இருக்கிறது. இப்படியோர் உறவு இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஊரில், அந்த உறவுக்குள் நடக்கும் கொடுமையைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது.

நான் வழக்கறிஞர். பெரும்பாலும் மகளிர் நீதிமன்றத்தில் வேலை. இந்த வகை வழக்கு என் மேசைக்கு வரும்போது ஏறக்குறைய எல்லாம் நடந்து முடிந்திருக்கும். படம் வெளியே போயிருக்கும், கம்மல் அடகுக் கடைக்குப் போயிருக்கும், படிப்பு நின்றிருக்கும். "இது எங்கேம்மா ஆரம்பிச்சுது?" என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால் தொடக்கம் மிகச் சின்னதாக இருக்கும்.

பல கதைகள் ரீசார்ஜில் தொடங்குகின்றன. அப்பா சம்பளம் வந்த பிறகுதான் போடுவார், அதற்குள் பேக் முடிந்துவிடும், அவன் போட்டுவிடுகிறான். அன்பில்தான் போடுகிறான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள், "நான் போட்டுவிட்ட நெட்டுல யார்கூட சாட் பண்ணிட்டிருக்கே?" என்ற கேள்வி வரும். அடுத்தது பாஸ்வேர்டு. இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டைப் பரிமாறிக்கொள்வது இன்று மோதிரம் மாற்றிக்கொள்வது போல ஆகிவிட்டது. தர மறுத்தால் மனசில் வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள். பிறகு வாட்ஸ்அப். அவளுடைய போனை இரண்டு நிமிடம் கையில் வாங்கி, தன் லேப்டாப்பில் தெரியும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டால் போதும். அவளுக்கு வருகிற ஒவ்வொரு செய்தியும் அவன் திரையிலும் ஓடும். இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு கணினி அதில் உட்கார்ந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு தினசரி வருகைப் பதிவேடுதான். லைவ் லொகேஷன் போடு. பஸ் ஏறிட்டேன்னா போட்டோ அனுப்பு. பதினொன்றே முக்காலுக்கு லாஸ்ட் சீன் காட்டுது, யாரோட பேசிட்டிருந்தே? கிளாஸ் குரூப்பில் ஏன் சிரிப்பு எமோஜி போட்டே? அந்தப் பையனை அன்ஃபாலோ பண்ணு. டிபியை மாத்து. சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு, நான் பார்க்கணும். தோழியிடம் சொன்னால், "உன்மேல அவ்ளோ பொசசிவ்டி" என்று கொஞ்சம் பொறாமையோடுகூடச் சொல்வாள்.

பையன்கள் மட்டுமே இதைச் செய்வதாக நான் சொல்லவில்லை. காதலனின் போனைத் தினமும் சோதனை போடும் பெண்களும் உண்டு. "பேசலைன்னா செத்துருவேன்" என்று கையில் கீறிக்கொண்டு படம் அனுப்புபவர்கள் இரு பக்கமும் உண்டு. அதுவும் கொடுமைதான், அனுப்புபவருக்கு உடனடி உதவி தேவை, பெறுபவர் அதைத் தனியாகத் தாங்கவேண்டியதில்லை. விளைவில்தான் பெரிய வேறுபாடு. விஷயம் வெளியே வந்தால் பையனுக்கு வீட்டில் நாலு நாள் திட்டு. பெண்ணுக்கு டி.சி.யும் அவசரக் கல்யாணமும்.

அமெரிக்காவில் அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் 2013-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் 10 பள்ளிகளைச் சேர்ந்த 5,647 மாணவர்களிடம் கேட்டிருந்தார்கள். காதல் உறவில் இருந்தவர்களில் 26 விழுக்காட்டினர், முந்தைய ஓராண்டுக்குள் செல்போன் வழியாகவோ இணையத்தின் வழியாகவோ துணையிடம் கொடுமை அனுபவித்திருந்தார்கள். அதில் அதிகம் நடந்தது எது தெரியுமா? படம் பரப்புவது இல்லை. அனுமதியில்லாமல் துணையின் சமூக ஊடகக் கணக்குக்குள் நுழைவதுதான். நான் சொன்ன பாஸ்வேர்டு கதை அங்கேயும் அதேதான். இன்னொரு எண்தான் என்னை அதிகம் உறுத்தியது. அனுபவித்தவர்களில் யாரிடமாவது போய் உதவி கேட்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பள்ளி நடனத்துக்கு ஜோடியாகப் போக அப்பாவே காரில் கொண்டுவிடும் ஊரில் இந்த நிலை என்றால், நம் ஊரில் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்?

நம் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கண்காணிப்பு விசித்திரமாகப் படாததற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டில் அண்ணன் போனை வாங்கிப் பார்ப்பான். அப்பா, "யாருடி இந்த நம்பர்?" என்பார். அம்மா பேட்டர்ன் லாக்கை எடுக்கச் சொல்வாள். போனைப் பார்ப்பவர்தான் அக்கறை உள்ளவர் என்று பதினெட்டு வயதுவரை வீட்டிலேயே பாடம் படித்தவள், காதலன் கேட்டதும் எடுத்து நீட்டுகிறாள். இதைப் பெற்றோர் கூட்டங்களில் சொன்னால் கைதட்டல் குறைவாகத்தான் கிடைக்கும்.

இனி படத்துக்கு வருகிறேன். மேலைநாட்டுக் கையேடுகளைப் புரட்டினால் மிரட்டலுக்குக் கருவியாக இருப்பது பெரும்பாலும் நிர்வாணப் படம். நம் ஊரில் அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் பின்னால் தெரிய, இரண்டு பேர் சேர்ந்து நின்று எடுத்த ஒரு செல்ஃபி போதும். துப்பட்டா ஒழுங்காக இருக்கும். நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இருக்கும். "இதை உங்கப்பா நம்பருக்கு அனுப்பட்டா, இல்ல உங்க ஃபேமிலி குரூப்புக்கே போட்டுடட்டா?" அந்தப் படத்தில் ஆபாசம் எதுவும் கிடையாது. அதற்கு விலை வைத்தவர்கள் நாம்தான்.

சாதி குறுக்கே வந்தால் விலை இன்னும் ஏறும். இருவரும் வெவ்வேறு சாதி என்றால் அந்த செல்ஃபி இரண்டு பேரையுமே மாட்டிவைக்கும். பையன் தலித்தாக இருந்தால் படிப்பும் மானமும் போவதோடு நிற்காது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் நடந்த சாதி ஆணவக் கொலையைத் தமிழ்நாடே கேமராக் காட்சியில் பார்த்தது. அப்படிப்பட்ட ஊரில் காதலர்களின் படம் ஒரு மூன்றாமவன் கையில் கிடைத்தால் அவன் இருவரையும் சேர்த்தே மிரட்டுவான். பையனின் நண்பனே அப்படி மாறிய வழக்கும் எனக்கு வந்திருக்கிறது.

சட்டம் இங்கே கொஞ்சம் தடுமாறுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு அந்தரங்க உறுப்புகளின் படத்தைப் பற்றிப் பேசுகிறது. 67, 67ஏ பிரிவுகள் ஆபாசத்தையும் பாலியல் காட்சிகளையும் பற்றிப் பேசுகின்றன. மாமல்லபுரத்து செல்ஃபி இவை எதிலும் அடங்காது. எனக்குக் கைகொடுப்பது ஒரு பழைய பிரிவு. ஒரு பெண்ணின் கற்புக்குக் களங்கம் கற்பிப்பேன் என்று மிரட்டுவதை 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டமே கடுமையான குற்றமாக வைத்தது. 7 ஆண்டுவரை சிறை. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 351-ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. விக்டோரியா ராணி காலத்துக் கற்புக் கவலையில் பிறந்த வாசகம் அது. அந்தச் சிந்தனையோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் புகார் எழுதும்போது அதைக் குறிப்பிட நான் வெட்கப்படுவதில்லை. பணமோ நகையோ கேட்டிருந்தால் மிரட்டிப் பறித்தல் என்ற 308-ஆம் பிரிவும் சேரும்.

தமிழ்த்துறையினர் நிறைய வந்திருக்கிறீர்கள், அதனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இந்த மிரட்டல் நமக்கு முற்றிலும் புதிதா? மடலேறுதல் என்ற துறையை நினைத்துப் பாருங்கள். மறுக்கப்பட்ட தலைவன் பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தலைவியின் உருவத்தைப் படமாக எழுதிக் கையில் ஏந்தி ஊர்த்தெருவுக்கு வருவான். ஊர் பார்க்கும், அலர் எழும், பெண் வீட்டார் வேறு வழியின்றி இறங்கி வருவார்கள் என்பது கணக்கு. படம், பொதுவெளி, ஊர்வாய் மூன்றும் அன்றே இருந்தன. ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். பனங்கருக்கு கிழிப்பது ஏறியவனின் உடம்பைத்தான். ஃபேக் ஐடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு கீறலும் விழாது. மடலேறுவேன் என்று வாயால் சொல்வதை அன்பின் ஐந்திணைக்குள் விட்டுவைத்த தொல்காப்பியர், உண்மையிலேயே ஏறிவிடுவதைப் பொருந்தாக் காமமான பெருந்திணையில் கொண்டுபோய் வைத்தார். சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவே அன்று கோடு போட்டார்கள். நான் அந்தக் கோட்டை இன்னும் முன்னுக்குத் தள்ளிப் போடுவேன். படத்தை அனுப்புவேன் என்று சொன்ன நொடியே அது காதல் கணக்கிலிருந்து வெளியே போய்விட வேண்டும். 

ரகசியம் எப்படி ஆயுதமாகிறது என்பதைப் பொள்ளாச்சியைவிடத் தெளிவாகக் காட்ட வேறு வழக்கு நமக்கு வேண்டாம். 2019 பிப்ரவரியில் அது வெளியே வந்தது. முகநூல் பழக்கம், காதல் என்ற நம்பிக்கை, தனியிடம், வன்கொடுமை, வீடியோ, பிறகு அந்த வீடியோவைக் காட்டியே பணமும் மறுபடி மறுபடி அழைப்பும். ஒரு பெண் துணிந்து புகார் தரும்வரை இது ஆண்டுக்கணக்கில் ஓடியது. பாதிக்கப்பட்டவர்கள் ஏன் முன்பே சொல்லவில்லை என்று டீக்கடையில் கேட்டார்கள். சொன்ன பெண்ணுக்கு என்ன கிடைத்தது? அவருடைய பெயரைக் காவல்துறை அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. வீட்டில் ஒளித்துவைத்திருந்த பயம் ஒவ்வொன்றும் சரிதான் என்று அரசே நிரூபித்துக் காட்டியது போலாயிற்று.

ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்குள் போன பிறகு நடந்தது வேறு. மூடிய அறையில் விசாரணை. பெயர்கள் காக்கப்பட்டன. சாட்சி சொன்ன பெண்களில் ஒருவரும் பிறழவில்லை. 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. தண்டனையின் அளவைப் பற்றி ஊர் நிறையப் பேசியது. என்னைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது அந்தப் பிறழாத சாட்சிகள். அதுவரை ரகசியத்தின் சாவி மிரட்டியவன் கையில் இருந்தது. நீதிமன்றம் அதை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டது. உடனே அந்தப் பெண்களின் வாய் திறந்தது.

'நீயே தானே அனுப்பினே' என்பது அடுத்த தடை. மகளிர் காவல் நிலைய வாசலில் இதைக் கேட்காத பெண் அபூர்வம். எங்கள் தரப்பில் சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. 2013 திருத்தத்தில் வந்து, இப்போது நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவாக இருக்கும் விதியின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதைப் பிறருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்றால், அனுப்பியது குற்றம். மேற்கு வங்கத்தில் தம்லுக் நீதிமன்றம் 2018 மார்ச்சில், முன்னாள் காதலியின் அந்தரங்கக் காட்சியை இணையத்தில் ஏற்றிய ஒரு பொறியியல் மாணவனுக்கு 5 ஆண்டு சிறை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்ணை வன்புணர்வுக்கு ஆளானவராகக் கருதி இழப்பீடு தரவும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒரு மாவட்டத் தலைநகரின் விசாரணை நீதிமன்றம் இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது.

பதினெட்டு வயதுக்குக் கீழே வந்தால் முடிச்சு இறுகுகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளி ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. காதலனுக்கும் அதே வயது. அவன் மிரட்டுகிறான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவு அவளுக்கு ஆதரவாக நிற்கிறது. குழந்தையின் உடலைக் காட்டும் படத்தை, உண்மையானதோ ஒட்டுவேலையோ, பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதே பாலியல் தொல்லை. ஆனால் அவள் டீச்சரிடம் வந்து சொன்னால் டீச்சர் என்ன செய்ய வேண்டும்? 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் அவருக்கே தண்டனை. போலீஸ் வந்தால் மிரட்டலோடு நிற்காது. அதற்கு முந்தைய நெருக்கமும் வழக்காகும். அவள் நேற்றுவரை விரும்பியதும் இன்று பயப்படுவதும் ஒரே கோப்பில் சேரும், வீட்டுக்கும் தெரியும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் படம் போக வேண்டும். கிடைக்கப் போவதோ அவள் கேட்காத பத்து விஷயம். அதனால் சொல்லாமலே இருந்துவிடுகிறாள்.

சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சிக்கலைப் பார்க்காமலில்லை. 2019-இல் நீதியரசர் பார்த்திபன், வயது வரம்பை 16 ஆக்கிப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னார். 2021 ஜனவரியில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிக்க வந்த சட்டம் இதுவல்ல என்று கூறி ஒரு வழக்கையே ரத்து செய்தார். சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்னொரு பக்கம், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், குழந்தைகள் தொடர்பான பாலியல் காட்சிகளைப் போனில் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று தீர்ப்பளித்தது. தம்பிகளே, இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பதினேழு வயதுக் காதலி ஆசையோடு அனுப்பிய அந்தரங்கப் படம் உங்கள் கேலரியில் சும்மா கிடந்தாலும் சிக்கல்தான். யாருக்கும் அனுப்பியிருக்கத் தேவையில்லை.

நான் போக்சோவை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதன் கீழ் எத்தனை குழந்தைகளுக்கு நியாயம் கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிகளிடம் கேட்பது சின்ன விஷயம்: எதைச் சொன்னால் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும், எதைச் சொன்னால் வேண்டியதில்லை என்பதை மாணவிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "என்கிட்ட என்ன வேணா சொல்லும்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் நிலையத்துக்குப் போகும் ஆசிரியையை அந்தப் பள்ளியில் அதன் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள். பாஸ்வேர்டு கேட்கிறான், லொகேஷன் கேட்கிறான், தோழியோடு பேசக் கூடாது என்கிறான் என்ற கட்டத்தில் வருபவளுக்குப் பொதுவாக எந்த எஃப்.ஐ.ஆரும் தேவைப்படாது. அந்தக் கட்டத்திலேயே பிள்ளைகள் வந்து பேசலாம் என்று நாம் காட்டினால் போதும். நம் அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் காதல் பற்றிய கடிதமும் விழலாம், விழுந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று எந்தத் தலைமையாசிரியராவது காலைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறாரா?

முன்கூட்டியே பேசினால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குக் காட்டப் பிற ஊர்களின் அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் வான்ஜி ஃபோஷியும் அவருடைய குழுவினரும் 1990-களில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக 'சேஃப் டேட்ஸ்' என்று ஒரு பாடத்திட்டம் உருவாக்கினார்கள். பத்து வகுப்பு, மாணவர்களே நடிக்கும் ஒரு நாடகம், ஒரு சுவரொட்டிப் போட்டி, அவ்வளவுதான். நான்கு ஆண்டு கழித்தும் அந்தப் பிள்ளைகளிடம் காதல் உறவில் வன்முறை குறைந்திருந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 20 பள்ளிகளில் நடந்த 'ஃபோர்த் ஆர்' திட்டத்தில் வெளியாள் யாரும் வரவில்லை. வகுப்பாசிரியர்களே உடல்நலப் பாடத்தோடு சேர்த்து நடத்தினார்கள். பலன் பையன்களிடம்தான் அதிகம் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மும்பையில் நடந்தது. அமெரிக்காவில் விளையாட்டுப் பயிற்சியாளர்களை வைத்து நடத்திய ஒரு திட்டத்தை எடுத்து, 2010-களின் தொடக்கத்தில் 'பரிவர்த்தன்' என்ற பெயரில் கிரிக்கெட் கோச்சுகளிடம் கொடுத்தார்கள். சேரிப் பகுதியிலும் நடந்தது, பள்ளிகளிலும் நடந்தது. பயிற்சிக்கு நடுவே கொஞ்ச நேரம், ஒரு அட்டையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம்: பெண்ணைப் பற்றி எப்படிப் பேசுகிறோம், வேண்டாம் என்றால் என்ன செய்வது, நண்பன் எல்லை மீறினால் யார் சொல்வது. பதினாலு வயதுப் பையன் அப்பா சொல்வதைக் கேட்க மாட்டான். கோச் சொன்னால் கேட்பான். இதைக் கண்டுபிடித்தவருக்கு நான் கும்பிடு போடுவேன். நம் ஊரில் பி.டி. வாத்தியார் இருக்கிறார், கபடிக் குழு அண்ணன் இருக்கிறார், ஜிம் மாஸ்டர் இருக்கிறார். ஆனால் நாம் பாதுகாப்பு வகுப்பு என்றால் பெண்பிள்ளைகளை மட்டும் ஒரு அறையில் உட்காரவைத்து, போட்டோ அனுப்பாதீங்க என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த நேரத்தில் பையன்கள் வெளியே விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

மிரட்டல் வந்தேவிட்டது என்றால்? முதலில், பணம் கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் அனுப்பாதீர்கள். கொடுத்தவரை விட்டவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை. பதற்றத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள். தேதி, நேரம், ஐடி, லிங்க் தெரிகிறமாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனையும் பத்திரமாக வையுங்கள், ஏனென்றால் மின்னணுச் சாட்சியத்துக்கு நீதிமன்றத்தில் சான்றிதழ் கேட்பார்கள். நிலையத்தில், "அவன் போன்ல டெலிட் பண்ணவெச்சுட்டோம், எழுதிக் கொடுத்துட்டான், போய்ட்டு வாம்மா" என்பார்கள். கண்முன் அழித்த படம் வேறு மூன்று இடத்தில் இருக்கும். அழிந்தது உங்கள் சாட்சியம் மட்டும். 1930 என்ற எண்ணும் சைபர் கிரைம் புகார் இணையதளமும் இருக்கின்றன; பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அந்த இணையதளத்தில் பதியலாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

படம் பரவாமல் தடுக்க 2021 டிசம்பரில் 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவை வந்தது. பிரிட்டனில் இருந்து நடத்துகிறார்கள். படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனுக்குள்ளேயே அந்தப் படத்திலிருந்து ஒரு நீண்ட எண்சரத்தைக் கணக்கிட்டு, அந்தச் சரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதை வைத்துப் படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அதே படத்தை யாராவது ஏற்ற முயன்றால் சரம் பொருந்தும், படம் மாட்டும். பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று இதேபோல ஒன்று 2023-இல் வந்தது. இவற்றில் சேராத தளங்களில் இது செல்லாது; அதுவும் தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் ஒரு பெண் வழக்கறிஞரே, தன்னோடு ஒருகாலத்தில் நெருக்கமாக இருந்தவர் ரகசியமாக எடுத்த காட்சிகளை இறக்க 2025-இல் உயர் நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. நீக்க நீக்க வேறு தளங்களில் முளைத்தன. சட்டம் படித்தவருக்கே இந்த அலைச்சல் என்றால் மற்றவர்களுக்கு என்ன வழி என்பதுதான் அந்த வழக்கில் எழுந்த கேள்வி. அதன் தொடர்ச்சியாகத்தான் மத்திய அமைச்சகம் இதற்கென ஒரு செயல்முறையை வகுத்தது.

பெற்றோரிடம் ஒன்று. 2016-இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஒட்டிய போலிப் படங்கள் ஃபேஸ்புக்கில் வந்தன. செய்தவன் காதலன்கூட இல்லை. பெண் கேட்டு மறுக்கப்பட்டவன். புகார் கொடுத்தும் படம் இறங்கத் தாமதமானது. அந்தப் பெண் உயிரோடு இல்லை. தன்னை வீட்டில் நம்பவில்லையே என்ற வேதனை அவர் எழுதிவைத்த கடிதத்தில் இருந்தது. பிள்ளை வந்து சொல்லும்போது யார் அந்தப் பையன், என்ன சாதி, எத்தனை நாளாக என்ற கேள்விகளை மறுநாளைக்கு ஒத்திப்போடுங்கள். அன்றிரவு அவளைத் தனியாகப் படுக்கவிடாதீர்கள். போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். அதில்தான் வழக்கே இருக்கிறது.

வருவதற்கு முன்பு மாணவர்கள் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளில் ஒன்றுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். "எங்கள் கிளாஸ் பாய்ஸ் குரூப்பில் ஒரு பெண்ணின் படம் வந்தது. நான் யாருக்கும் அனுப்பவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?" எழுதிய தம்பி யாரென்று எனக்குத் தெரியாது, நல்ல கேள்வி. குரூப்பில் எழுதுவதற்குப் பயமாக இருந்தால் போட்டவனைத் தனியாகக் கூப்பிட்டு, எடுத்துவிடச் சொல்லியிருக்கலாம். அட்மினிடம் சொல்லி நீக்கச் சொல்லியிருக்கலாம்; யாரோ போட்டதற்கு அட்மின் தானாகக் குற்றவாளி ஆகமாட்டார் என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன, ஆனால் தெரிந்த பிறகும் அவர் சும்மா இருந்தால் நான் அவரையும் கேள்வி கேட்பேன். யார், எப்போது போட்டார் என்பதை, படம் தெரியாதபடி மறைத்துவிட்டு, குறித்து வையுங்கள். அந்தப் பெண்ணுக்கு நெருங்கிய தோழி யாராவது இருந்தால் அவள் வழியாகத் தெரியப்படுத்துங்கள். பல நேரம் ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியாகத்தான் அவளுக்குத் தெரியவருகிறது. உங்கள் போனில் தானாக டவுன்லோடு ஆகிக் கிடப்பதை அழித்துவிடுங்கள். அது பாலியல் காட்சியாக இருந்து, அதை இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்திருந்தால் நீங்களும் 67ஏ-வுக்குள் வருவீர்கள்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மைக் வேண்டாம், சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். பெயர், வகுப்பு, துறை எதுவும் எழுத வேண்டாம்.